கப்பில் அடங்காத நூடுல்ஸ்

'எக் நூடுல்ஸ் 2 கப்' என்று அமெரிக்கச் சமையல் குறிப்புகள் சர்வசாதாரணமாகச் சொல்லும். தலைதட்டி அளக்கும் வழக்கத்தை அந்நாட்டு அடுப்படிகளில் வேரூன்றச் செய்ததில் ஃபேனி ஃபார்மரின் 1896ஆம் ஆண்டுச் சமையல் நூலுக்குப் பெரும் பங்குண்டு. சர்க்கரைக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. நூடுல்ஸ் விஷயத்தில்தான் வம்பு. அந்த வம்பைத் தீர்க்கவே கப்பைக் கிராமாக்கும் அட்டவணைகள் வந்தன. அவற்றை ஓரளவுக்குத்தான் நம்பலாம்.

அமெரிக்க வேளாண் துறையின் கணக்கில் ஒரு கப் உலர்ந்த எக் நூடுல்ஸ் 38 கிராம். அதே கப்பில் வளைந்த குட்டி மக்ரோனியைப் போட்டால் நூறு கிராமைத் தாண்டும். அகலமாக, முறுக்கிக்கொண்டு கிடக்கும் எக் நூடுல்ஸை அளக்கும்போது பாதிக்கு மேல் காற்றைத்தான் அளக்கிறோம். பாக்கெட்டின் அடியில் தங்கும் நொறுங்கலை அள்ளினாலோ, கப்பை இரண்டு தட்டு தட்டினாலோ எடை மாறிவிடும். 'நூடுல்ஸ் 1 கப் = இத்தனை கிராம்' என்று வடிவத்தைச் சொல்லாமல் ஒற்றை எண் தரும் அட்டவணையைக் கிழித்துப் போடலாம். (ஸ்பகெட்டியைக் கப்பில் அளக்கச் சொல்பவர் தானே அதை அளந்து பார்த்திருக்க மாட்டார்.)

அவுன்ஸ் இன்னொரு பொறி. தண்ணீரானால் 8 அவுன்ஸ் ஒரு கப். அந்தப் பழக்கத்தில் 8 அவுன்ஸ் எக் நூடுல்ஸையும் ஒரு கப் என்று எடுத்துக்கொண்டால் குடும்பமே பட்டினி கிடக்கும். எடைக் கணக்கில் அது 227 கிராம். கப்பில் சுமார் ஆறு.

வெந்தபின் கதை வேறு. வெந்த எக் நூடுல்ஸ் ஒரு கப் ஏறக்குறைய 160 கிராம், மக்ரோனி 140 கிராம். மிருதுவாகி ஒன்றன்மேல் ஒன்று படிவதால் இடைவெளி குறைகிறது. உலர்ந்த நிலையில் மூன்று மடங்கை நெருங்கிய வித்தியாசம் கிட்டத்தட்ட மறைகிறது. ஆகவே வெந்ததற்கான அட்டவணை அவ்வளவு மோசமில்லை. ஆனால், அளவு வேகவைப்பதற்கு முன்பா பின்பா என்று பல குறிப்புகள் சொல்வதே இல்லை.

அதற்காகக் கப்பை அடியோடு ஒதுக்கிவிடவும் முடியாது. நம் சேமியா உப்புமாவைப் பாருங்கள். ஒரு டம்ளர் சேமியாவுக்கு ஒன்றரை முதல் இரண்டு டம்ளர் தண்ணீர். ஊற்றிய தண்ணீர் முழுவதையும் சேமியாவே இழுத்துக்கொள்கிறது என்பதால் அங்கே விகிதம்தான் முக்கியம். டம்ளர் பெரிதா சிறிதா என்பது பொருட்டல்ல. எப்போதும் ஒரே ரகச் சேமியா வாங்கும் வீட்டில் இதைக் கிராமாக்குவது வீண்வேலை. நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடிக்கும் நூடுல்ஸுக்கு அப்படி ஒரு விகிதம் கிடையாது. எத்தனை பேர் சாப்பிடுவார்கள், குழம்போ சாஸோ எவ்வளவு என்பதே கணக்கு. தராசு அங்கேதான் உதவும்.

தராசும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. ஈரப்பதமுள்ள ஃபிரெஷ் நூடுல்ஸ் 200 கிராமும் உலர்ந்தது 200 கிராமும் ஒன்றல்ல. உலர்ந்தது வெந்ததும் இரண்டு மடங்குக்கு மேல் கனக்கும், ஃபிரெஷ் அவ்வளவு ஏறாது. எனவே குறிப்பு எழுதுபவர் எடையோடு ரகத்தையும் நிலையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: 'உலர்ந்த எக் நூடுல்ஸ், 225 கிராம்'. வீட்டில் தராசு இல்லையென்றால் பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் நிகர எடையைப் பார்த்துக் கண்ணளவில் பாதியாகவோ காலாகவோ பிரிக்கலாம். அதில் வரும் பிழை கப்பில் வரும் பிழையைவிடச் சிறியதாகவே இருக்கும்.