தீர்ப்பு எழுதாத நாவல்

1857 ஜனவரியில் பாரிஸ் நீதிமன்றத்தில் நாவலாசிரியர் குஸ்தாவ் ஃப்ளோபேர் மீது வழக்கு நடந்தது. 'மதாம் பொவாரி' நாவலில் மணமான நாயகி எம்மாவின் கள்ள உறவைக் கண்டிக்க ஒரு பாத்திரம்கூட இல்லை என்பது அரசு வழக்கறிஞர் பினாரின் ஆத்திரம். பிப்ரவரியில் ஃப்ளோபேர் விடுதலையானார். ஆனாலும் பினார் கைவைத்த இடம் சரியான இடம்தான்.

நாவலில் தீர்ப்புச் சொல்ல ஃப்ளோபேர் வாயே திறப்பதில்லை. எம்மாவின் நினைப்பு எங்கே முடிகிறது, கதைசொல்லியின் குரல் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. விவசாயக் கண்காட்சியில் மாடியில் ரொடோல்ஃப் எம்மாவிடம் காதல் பேசுகிறான். கீழே எருவுக்குப் பரிசு அறிவிக்கிறார்கள். பிறகு அவளைக் கைவிட்டுக் கடிதம் எழுதும்போது கண்ணீர் வரவில்லை. விரலைத் தண்ணீரில் நனைத்து ஒரு சொட்டு விடுகிறான், மை கலைகிறது. ஆசிரியர் வசைபாடியிருந்தால் இவ்வளவு அருவருப்பு வந்திருக்காது.

கணக்கு வழக்கிலும் தீர்ப்புச் சொல்லாத இந்த முறை பலன் தருகிறது. 1816-இல் ஒழிக்கப்பட்ட விவாகரத்து பிரான்ஸில் 1884-இல்தான் திரும்ப வந்தது. எம்மாவுக்குச் சட்டப்படி வெளியேற வாசல் இல்லை. வாசல் திறப்பதுபோல் வந்து நிற்பவன் துணிக்கடைக்கார லெரோ. திரைச்சீலை, மேலங்கி, ஓடிப்போகப் பயணப்பெட்டி என எல்லாம் கடன். புரோநோட்டை மாற்றி மாற்றி எழுதி, கடைசியில் 8,000 பிராங்குக்கு ஜப்தி வருகிறது. காதல் அவளைக் கடன் வாங்கவைத்தது. ஆர்சனிக் விஷத்திடம் கொண்டுபோய்ச் சேர்த்தது கடன். காதலைப் பாவமாக மட்டும் பார்த்த பினாருக்கு இது கண்ணில் படவில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. நாவல் எம்மாவின் கணவன் சார்லின் பள்ளி நாளில் தொடங்குகிறது; பிறகு நடுப்பகுதி முழுக்க பெரும்பாலும் எம்மாவின் எரிச்சல் வழியாகவே அவனைப் பார்க்கிறோம். அவன் சூப் உறிஞ்சும் சத்தம்கூட நமக்கும் குமட்டுகிறது. ஏமாற்றப்படுகிறவன் வீட்டில் எப்படி நாள் கடத்துகிறான் என்பதற்கு அங்கே இடமே இல்லை. மகள் பெர்த் பஞ்சாலைக்குப் போவது ஒரே வாக்கியத்தில் முடிகிறது. யாருக்கு எத்தனை பக்கம் என்பதும் தீர்ப்புதானே?

எம்மா இறந்த பிறகு, அவளுக்கு வந்த காதல் கடிதங்களைப் படித்து எல்லாம் தெரிந்துகொண்ட சார்ல், ரொடோல்ஃபை எதிரில் சந்திக்கிறான். கோபமில்லை என்கிறான், பழியை விதிமேல் போடுகிறான். நாவலில் அவன் உயர்ந்து நிற்கக்கூடிய ஒரே தருணம் அது. அதைக்கூட ஃப்ளோபேர் ரொடோல்ஃபின் ஏளனப் பார்வையில்தான் முடிக்கிறார்.