நிலநடுக்க ஆய்வகங்கள்: பிழை திருத்தும் மூன்று மரபுகள்

ஐ.எஸ். 1893 என்னும் இந்திய விதிநூலின் 2002 பதிப்பு சேலத்தை மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில் வைத்து, 0.16 என்ற மண்டலக் கெழுவைத் தந்தது. சேலம் மாவட்டத்துக் கெங்கவல்லியில் மாடி வீட்டுக்குக் கம்பி கட்டும்போது இப்படிப்பட்ட எண்களைத்தான் நம்புகிறோம். கணக்கு சரிதானா என்று காட்ட வேண்டியது ஆய்வகம். அந்த ஆய்வகம் தன் பிழையை எப்படித் திருத்திக்கொள்கிறது என்பதே என் அக்கறை.

மூன்று மரபுகளில் ரூர்க்கிப் பல்கலைக்கழகத்தின் மரபு எளிமையானது. 1970களின் பிற்பகுதியில் அங்கே தண்டவாளத்தில் ஓடும் வேகன் ஒன்றையே மேடையாக்கி, அதன்மேல் செங்கல் வீட்டு மாதிரிகளைக் கட்டி, பாரம் ஏற்றிய வேறு வேகன்களால் மோதினார்கள். நிலநடுக்கம் பல நொடிகள் தொடர்ந்து குலுக்கும். வேகன் மோதலோ ஓர் அடி, ஓர் அதிர்ச்சி. அந்தக் குறையை வென்றது சோதனை அமைத்த விதம்தான்: வாசல், ஜன்னல்களுக்கு மேலே சுவரைச் சுற்றி ஓடும் லிண்டல் பட்டி போட்ட வீடும் போடாத வீடும் ஒரே மேடையில் ஒரே அடியை வாங்கின. அடியின் அளவு பிசகினாலும் ஒப்பீடு பிசகவில்லை. இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

சென்னை தரமணியில் எஸ்.இ.ஆர்.சி. என்னும் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு நிறுவனத்தின் 4 மீட்டர் சதுர அதிர்வு மேடை மூன்று திசைகளிலும் ஆடும். 30 டன் வரை தாங்கும். இரண்டாம் மரபான இத்தகைய மேடைகளில் சிக்கல் வேறு. எல் சென்ட்ரோவில் 1940இல் பதிவான அதிர்வைக் கொடுத்தால் மேடை அதையே ஆடுவதில்லை; மேலிருக்கும் கட்டடம் மேடையைத் திருப்பி இழுக்கும், மேடையைத் தள்ளி இழுக்கும் ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் எண்ணெய்க்கும் தனக்கென ஓர் ஒத்ததிர்வு உண்டு. ஆகவே முதலில் மெல்லிய அதிர்வு கொடுத்து, மேடை எதைக் குறைக்கிறது, எதைப் பெருக்குகிறது என்று அளந்து, அதற்கு எதிரான திருத்தத்தைக் கட்டளையில் சேர்த்து, மறுபடி அளக்கிறார்கள். வேண்டிய அளவு நெருங்கும்வரை இது தொடரும். மாதிரியில் விரிசல் விழுந்ததும் அதன் விறைப்பு மாறிவிடும். செய்த திருத்தம் பழையதாகிவிடும். எனவே உச்ச முடுக்கம் பொருந்தியது என்று மட்டும் எழுதும் அறிக்கையை நான் ஏற்கமாட்டேன். மேடையில் உண்மையில் பதிவான அதிர்வின் நிறமாலையையும் தர வேண்டும்.

ஜப்பானில் ஹகுனோ (1969), தக்கனாஷி (1975) வளர்த்த மூன்றாம் மரபில் மேடையே இல்லை. கணினி அடுத்த நகர்வைக் கணக்கிடும். ஆக்சுவேட்டர் கட்டடத்தை அவ்வளவு தள்ளும். எதிர்விசையை அளந்து கணினி அடுத்த படிக்குப் போகும். கான்பூர் ஐ.ஐ.டி.யிலும் இம்முறைக்காக ஆக்சுவேட்டர் ஊன்றித் தள்ளும் எதிர்விசைச் சுவர் உண்டு. இங்கே பிழை படிக்குப் படி சேரும். முன்னும் பின்னுமாகச் சிதறும் பிழைகள் பெரிதும் தமக்குள் கழிந்துவிடும். ஆக்சுவேட்டர் ஒவ்வொரு முறையும் இலக்குக்குச் சற்று முன்பே நின்றாலோ அபாயம்: இல்லாத ஆற்றல் கட்டடத்துக்குள் புகுந்து, ஆட்டம் தானே பெருகும். இலக்கைத் தாண்டினால் ஆட்டம் பொய்யாக அடங்கி, பலவீனமான கட்டடமும் பலமாகத் தெரியும். 1980களில் பெர்க்லியில் ஆய்வாளர்கள் ஷிங்கும் மாஹினும் இதைத் தெளிவாக வகுத்தார்கள். நிலநடுக்கத்தின் வேகத்திலேயே நடத்தும் நிகழ்நேரச் சோதனையில் ஆக்சுவேட்டரின் சில மில்லி நொடித் தாமதமும் இதே தீங்கைச் செய்யும். ஹொரியுச்சி குழு 1999இல் முந்தைய நகர்வுகளிலிருந்து அடுத்ததைக் கணித்து, கட்டளையை முன்கூட்டியே அனுப்பும் வழியைக் காட்டியது. தாமதம் மாறிக்கொண்டே இருப்பதால், சோதனை நடக்கும்போதே அதை அளந்து தன்னைச் சரிசெய்யும் முறைகள் பின்னர் வந்தன.

இம்மூன்றில், நம் ஊர்ச் செங்கல் வீட்டுக்கு நேரடியாகப் பயன்பட்டது ரூர்க்கி வேகன்தான். அங்கே தேறிய லிண்டல் பட்டி இன்று ஐ.எஸ். 4326 விதியிலும் இருக்கிறது. சுவரைச் சுற்றி அது எங்கும் அறுபடாமல் ஓட வேண்டும். வாசலுக்கும் ஜன்னலுக்கும் மேலே மட்டும் துண்டு துண்டாகப் போட்டால் பட்டியாகாது.