ஹம் வால்விலா, வீட்டு எர்த்திலா?

கிளிநொச்சியில் நண்பர் ஒருவர் வீட்டில் ஓடும் சின்ன வால்வ் அம்ப்ளிபயரைக் கொஞ்சக் காலமாகக் கேட்டு வருகிறேன். முன்னுக்கு ஒரு ஈசிசி 83 வால்வ், பக்கத்துக்கு ஓர் ஈஎல் 84 வால்வ். வருவது பக்கத்துக்கு 5 வாற் அளவுதான். நடுத்தர ஹோலுக்கு அது தாராளம். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலைப் போட்டால் தொப்பிப் பக்கத்து அடி நெஞ்சிலே வந்து விழுகிறது. நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனாலும் காதைக் குத்துவதில்லை.

பாட்டு ஓய்ந்ததும் 'ஊம்' என்ற இரைச்சல், அதுதான் ஹம். வால்வை மாற்று என்றுதான் எல்லோரும் நண்பருக்குச் சொன்னார்கள். மாற்ற வேண்டாம் என்பது என் முடிவு.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலிலும் ஊர்க்கோயில் திருவிழாக்களிலும் கேட்ட பழைய ஒலிபெருக்கிகளில் இந்த இரைச்சல் இருந்ததாக யாருக்கும் ஞாபகமிராது. குழாய் ஸ்பீக்கருக்கு 100 ஹேர்ட்ஸ் போன்ற தாழ்ந்த ஒலியை எழுப்பும் திறன் இல்லை. வீட்டு ஸ்பீக்கர் அதை ஒளிக்காது.

இரைச்சலின் சாதியைக் காதே சொல்லிவிடும். நமது கரன்ட் 50 ஹேர்ட்ஸ். அடித்தொண்டையில் உறுமினால் அது 50. எர்த் சிக்கலோ, வால்வின் 6.3 வோல்ற் ஹீற்றர் வயரோ, பக்கத்து ட்ரான்ஸ்போமரோ காரணமாகலாம். அதைவிட ஒரு ஸ்தாயி மேலே கேட்டால் 100. அநேகமாக அம்ப்ளிபயரின் பவர் சப்ளையில் கப்பாசிட்டர் தளர்ந்திருக்கும், அல்லது வடிகட்டல் போதாது. 'கிர்' என்று அரைத்தால் ஃபேன் ரெகுலேற்றரையோ மலிவான சோலார் இன்வேர்ட்டரையோ நிறுத்திப் பாருங்கள்.

இங்கே கேட்டது 50. டிஷ் பெட்டியிலிருந்து வரும் ஓடியோ வயரைக் கழற்றினோம். இரைச்சல் பெரும்பாலும் அடங்கியது. பற்றரியில் ஓடும் புளூடூத் பெட்டியால் பாட்டுப் போட்டோம், அமைதி. ஆக, வால்வ் குற்றவாளியல்ல.

இலங்கையில் வீட்டுக்கு வீடு எர்த் கம்பியைத் தனியாக மண்ணில் இறக்குகிறோம். டீவி, லப்டொப் சார்ஜர் எல்லாம் கசியவிடும் சிறு கரன்ட் அந்தக் கம்பி வழியாகத்தான் மண்ணுக்குப் போகவேண்டும். இந்த வீட்டில் கம்பியின் தலையிலிருந்த கிளாம்ப் துருப்பிடித்து, வயர் பெயருக்குத்தான் தொங்கியது. போக வழியில்லாத கரன்ட் அம்ப்ளிபயரின் எர்த் வழியாக ஓடியோ வயரின் மேலுறையில் ஏறி, டிஷ் பெட்டிக்குப் போய், முற்றத்தில் நட்டிருந்த டிஷ் கம்பத்தால் மண்ணுக்கு இறங்கியது. அந்தப் பயணத்தைத்தான் ஸ்பீக்கர் நமக்குக் கேட்கச் செய்தது.

எலக்ட்ரீஷியன் கிளாம்பை மாற்றிக் கம்பியின் எர்த் தடையை அளந்து கொடுத்த பிறகு இரைச்சல் நன்றாகக் குறைந்தது. மிச்சத்துக்கு டிஷ் பெட்டியின் ஓடியோ வயரில் சின்ன ஐசொலேஷன் ட்ரான்ஸ்போமர் போட்டோம்.

வன்னியில் இதைப் பெரிதாக எடுக்கவேண்டும். கரன்ட் இல்லாத போர்க்காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து, தைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட சனம் நாங்கள். இங்குள்ள வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு வயரிங் நடந்தது போருக்குப் பின்னான மீள்குடியேற்றத்துக்குப் பிறகுதான். அன்று இறக்கிய எர்த் கம்பியை அதற்குப் பிறகு திரும்பிப் பார்த்த வீடு குறைவு. ஆவணி, புரட்டாதியில் நிலம் வெடித்துக் கிடக்கும்போது மண்ணின் தடை ஏறிவிடும். முல்லைத்தீவுக் கரையோர மணலில் இன்னும் மோசம். எர்த் அறுந்த வீட்டில், பழுதான ஃபிரிட்ஜின் உடலில் கரன்ட் ஏறி நின்றாலும் ட்ரிப் சுவிட்ச் பேசாமலே இருக்கும். ஆள் தொட்ட பிறகுதான் விழும். இரைச்சலைவிட எனக்குப் பயம் அதுதான்.

ஹம் போகும் என்று பிளக்கின் எர்த் முள்ளை வெட்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். வால்வ் பெட்டிக்குள் 250 வோல்ற்றுக்கு மேல் நேரோட்டம் இருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் கப்பாசிட்டர் அதைப் பிடித்து வைத்திருக்கும். பழகாத கை மூடியைத் திறக்கவே கூடாது.

இனி அம்ப்ளிபயரின் சொந்தக் குறை. இரவில், ஸ்பீக்கரோடு காதை வைத்தால் மெல்லிய 100 ஹேர்ட்ஸ் இன்னும் இருக்கிறது. இரட்டை வால்வ் 'புஷ்புல்' அமைப்பில் பவர் சப்ளையின் அலை தன்னைத்தானே பெருமளவு அழித்துக்கொள்ளும். ஒற்றை வால்வ் அமைப்பில் அந்த வசதி இல்லை; அதனால் அந்த அலையை வடிக்க நல்ல சோக் (கம்பிச்சுருள்) ஒன்று வேண்டும். செலவைக் குறைக்க இதில் ரெசிஸ்டரோடு நிறுத்திவிட்டார்கள். கேட்கும் தூரத்தில் அது தொந்தரவில்லை; ஆனால் ஒரு சோக் வைத்திருக்கவேண்டும்.

இந்த அம்ப்ளிபயரை வாங்கலாம். அதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தை அளப்பியுங்கள், அதுவும் மாரி தொடங்கமுன், நிலம் காய்ந்திருக்கும்போதே. அம்ப்ளிபயர் வாங்காதவர்களும் அளப்பியுங்கள்.