ஊர் நினைவும் பேரேடும்: ‘என் சரித்திரம்’ குறித்துச் சில எண்ணங்கள்

வெளிமாநிலத் தமிழ்ச் சங்கங்களின் மலர்களில் ஆண்டு தவறாமல் இடம்பெறும் கட்டுரை ஒன்று உண்டு. ‘எங்க ஊர் ஆற்றங்கரை’ என்றோ ‘மறக்க முடியுமா அந்த நாட்களை’ என்றோ அதற்குத் தலைப்பு இருக்கும். உள்ளே ஆறு ஓடும். படித்துறையில் பிள்ளைகள் குதிப்பார்கள். தேர் வரும், பாட்டி கையால் பிசைந்த சோறு வரும். கடைசியில் ‘அந்தக் காலம் இனி வருமா?’ என்று ஒரு பெருமூச்சு. படிக்கிற நமக்கும் கண் கலங்கத்தான் செய்கிறது. இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கட்டுரையில் காவிரி என்று வரும் இடத்திலெல்லாம் தாமிரபரணி என்று மாற்றிப் பாருங்கள். ஒரு வரிகூட அசையாது. அப்படியானால் அது யாருடைய ஊர்?

மட்டாஞ்சேரி பஜாரில் மிளகு வாங்குகிறவர் மூட்டையின் அழகைப் பார்த்து விலை பேச மாட்டார். ஒரு லிட்டர் அளந்து எடுத்து எடை போடுவார். பொக்கு மிளகு அதிகமென்றால் எடை காட்டிக் கொடுத்துவிடும். ஊர் நினைவுக் கட்டுரைக்கும் அப்படியொரு லிட்டர் எடை உண்டா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். நான் பண்டிதன் அல்லன். கடைக் கணக்குக்கு நடுவே படித்தவன். எனக்குத் தெரிந்தவரை அந்த எடைக்கு நல்ல அளவுகோல் மகாமகோபாத்தியாய உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. அந்த நூல் தன் ஊரையும் மனிதர்களையும் எப்படி நினைவுகூர்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1855-இல் பிறந்த ஐயரவர்கள் தம் 85-ஆம் வயதில், 1940-இல், ஆனந்த விகடனில் இந்தத் தொடரைத் தொடங்கினார். 1942 ஏப்ரலில் அவர் காலமானபோது அது முற்றுப்பெறாமல் 122 அத்தியாயங்களோடு நின்றது. 1950-இல் நூலாக வெளிவந்தது. முதல் அத்தியாயத்தின் பெயரே ‘எங்கள் ஊர்’. காவிரியின் கிளையான குடமுருட்டி பாயும் பாபநாசம் வட்டாரத்து உத்தமதானபுரம்தான் அந்த ஊர்.

இப்படிப்பட்ட ஊரைச் சொல்லத் தொடங்கினால் நாமெல்லாம் ஆற்றில் இறங்கிவிடுவோம். அவரோ கணக்கில் இறங்குகிறார். ஏகாதசி விரதத்தை மறந்து தாம்பூலம் போட்டுக்கொண்ட தஞ்சை அரசர் ஒருவர், அதற்குப் பரிகாரமாக இந்த அக்கிரகாரத்தை ஏற்படுத்தித் தானம் செய்தார் என்ற கர்ண பரம்பரைக் கதையைச் சொல்கிறார். வீடுகள் 48, இரண்டு வீட்டுக்கு ஒன்றாகக் கிணறு 24. ஊர் எப்படி உண்டானது, அதில் யார் என்ன தொழில் செய்தார்கள், வயிற்றுப்பாடு எப்படி நடந்தது என்பதே அவருக்கு முக்கியம். வேறு ஊரின் பெயரை அந்த அத்தியாயத்தில் ஒட்ட வைக்க முடியாது.

தி. ஜானகிராமனும் சிட்டியும் சேர்ந்து எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’யில் ஆறுதான் கதாநாயகி. அது அந்நூலுக்கு அழகு. ‘என் சரித்திர’த்தில் ஆற்று வருணனை மிகக் குறைவு. ஆற்றங்கரை ஊர்களில் இருந்த மனிதர்கள்தான் அதில் நிறைந்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தச் சொந்த ஊர் அவருக்குச் சோறு போடவில்லை. தந்தையார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். கனம் கிருஷ்ணையரின் மாணாக்கர். நிலபுலம் போதாமல் குடும்பம் அரியிலூர், குன்னம் என்று இடம் மாறிக்கொண்டே இருந்தது. தந்தை இராமாயணக் கதை சொல்ல, அந்தந்த ஊரார் நெல்லும் பணமும் கொடுத்துக் காப்பாற்றினார்கள். பையனின் தமிழ்ப் பசிக்குச் சோறு கிடைத்ததும் அந்த வேற்றூர்களில்தான். அரியிலூரில் சடகோபையங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார், பிறகு 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்று வரிசையாக ஆசிரியர்கள் வருகிறார்கள். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நமக்கு இது நெருக்கமான செய்தி. விட்டு வந்த ஊரை மட்டும் தாயாகவும் வந்து சேர்ந்த ஊரைச் சத்திரமாகவும் பார்க்கிற வழக்கம் அந்த நூலில் கிடையாது. சோறு போட்ட ஊர், எழுத்து சொல்லித் தந்த ஊர் எல்லாவற்றுக்கும் சமமான இடம் உண்டு.

அந்த ஆசிரியர்களை அவர் எழுதும் முறையைப் பாருங்கள். ‘நல்லவர், வல்லவர்’ என்று சொல்லிக் கடந்து போவதில்லை. இன்னாரிடம் இன்ன நூல் பாடம் கேட்டேன், இன்னார் வீட்டில் இத்தனை நாள் சாப்பிட்டேன், இன்னார் ஏடு கொடுத்தார் என்று ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ஒரு வரவு இருக்கிறது. எங்கள் தொழிலில் பேரேடு என்று ஒன்று வைத்திருப்போம். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பக்கம், அதில் பற்று வரவு. ‘என் சரித்திரம்’ அப்படியொரு பேரேடு. தாம் கொடுத்ததைவிட வாங்கியதையே அதில் அதிகம் எழுதியிருக்கிறார். நினைவுக்கு எடை ஏறுவது அதனால்தான் என்பது என் முடிபு.

அந்தப் பேரேட்டில் எங்கள் சமூகத்தாருக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும். மட்டாஞ்சேரியில் நான் சமணன் என்று சொன்னால், குஜராத்தியா, மார்வாடியா என்றுதான் கேட்பார்கள். இங்கே குஜராத்தி தெருவில் தர்மநாதர் கோயில் இருப்பதால் அந்தக் கேள்வி நியாயமானதுதான். தமிழே தாய்மொழியாகக் கொண்ட சமணர் உண்டு, மேல்சித்தாமூரில் எங்களுக்கு மடம் உண்டு என்று சொன்னால், ‘அப்படியா சங்கதி!’ என்று வியப்பவர்கள் நம் தமிழர்களிலேயே அதிகம்.

1880-இல் ஐயரவர்கள் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அதே ஆண்டு அக்டோபரில், அங்கே முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். படித்த நூல்களையெல்லாம் ஐயர் அடுக்கிச் சொல்ல, முதலியார் அசையவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். தமிழாராய்ச்சியின் போக்கையே மாற்றிய கேள்வி அது. இந்த அளவு எல்லாருக்கும் தெரிந்ததே. அதன் பிறகு நடந்ததைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

ஏட்டில் இருந்த சமண சமயச் செய்திகள் அவருக்கு விளங்கவில்லை. கும்பகோணத்திலேயே சமணர் வீடுகள் இருப்பதை அறிந்து அங்கே போனார். போன வீட்டில் தோரணம் கட்டியிருந்தது. என்ன விசேஷம் என்று கேட்டால், ஆறு மாதமாக வீட்டில் நடந்துவந்த சிந்தாமணி படனம் அன்றைக்குப் பூர்த்தியாயிற்றாம்! திருத்தக்கதேவர் பாடிய 3145 செய்யுளும் அந்தத் தெருவில் உயிரோடு இருந்தன. நூலைத் தேடி அலைந்தவருக்கு அதைக் கொண்டாடும் குடும்பமே கிடைத்தது. சந்திரநாத செட்டியார் முதலியோர் அவருக்குச் சமயப் பொருளை எடுத்துச் சொன்னார்கள். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது.

சேக்கிழார் புராணம் சொல்லும் கதை நினைவிருக்கலாம். சோழ மன்னன் சிந்தாமணியில் மயங்கிக் கிடந்தானென்றும், அவனை மீட்கவே பெரியபுராணம் எழுந்ததென்றும் அக்கதை கூறும். அந்த மரபில் வந்த சைவ ஆதீனத்தில் தமிழ் படித்த ஒருவர், சமணர் வீட்டுத் திண்ணையேறிப் பாடம் கேட்டார். கேட்டதை மறைக்காமல், 60 ஆண்டு கழித்தும் பெயர் சொல்லி எழுதினார். அவர் எழுதாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சிந்தாமணி நமக்குக் கிடைத்திருக்கும். அதைக் காத்த வீடு கிடைத்திருக்காது. தமிழ்ச் சமணர் என்று ஒரு கூட்டம் இருந்து, காவியத்தை ஆறு மாதம் வாசித்து, முடிந்த நாளில் வாசலில் தோரணம் கட்டினார்கள் என்பதற்கு அந்தச் சில பக்கங்கள்தான் சாட்சி. என் பேரப்பிள்ளைகளுக்கு நான் எடுத்துக் காட்டுவதும் அதைத்தான்.

நூலில் குறையே இல்லையா என்றால், உண்டு. ‘அந்தக் காலத்து அமைதி இன்றில்லை’ என்ற பெருமூச்சை அவரும் விடுகிறார். அது அக்கிரகாரத்து வாசலிலிருந்து பார்த்த அமைதி. அந்த நிலங்களை உழுதவர்களுக்கு அது எப்படிப்பட்ட காலம் என்பது நூலில் விரிவாக வருவதில்லை. பெண்கள் விஷயமும் அப்படியே. தாயார் சரஸ்வதி அம்மாளைப் பாசத்தோடு எழுதியவர்தான். ஆனால் போகுமிடமெல்லாம் புலவர்களுக்குச் சமைத்துப் போட்ட கைகளுக்குப் பேரேட்டில் பக்கம் ஒதுக்கப்படவில்லை. அவர் காலத்து வழக்கம் என்று சமாதானம் சொல்லலாம். இன்று எழுதும் நமக்கு அந்தச் சமாதானம் கிடையாது.

ஊர் நினைவு என்றால் ஆளின் நினைவு என்பது நம் இலக்கியத்தில் புதிதும் அல்ல. ஐயரவர்களே 1892-இல் பதிப்பித்த சிலப்பதிகாரத்தைப் பாருங்கள். காவிரிப்பூம்பட்டினத்தை அவ்வளவு ஆசையோடு பாடிய இளங்கோவடிகள், மரபின்படி இந்தச் சேர நாட்டுக்காரர். வாழ்த்துக் காதையில் புகாரிலிருந்து வஞ்சிக்கு வந்த தேவந்தியும் செவிலியும் தோழியும், நான் அவளுக்கு இன்ன உறவு என்று சொல்லிச் சொல்லித்தான் அழுகிறார்கள். ஊரை இழந்த துயரை உறவின் பெயரால் சொல்லும் முறையை இந்த மேலைக் கடற்கரை என்றோ அறிந்திருக்கிறது.

இப்போது நம் மட்டாஞ்சேரிக்கு வருவோம். 1568-இல் கட்டிய பரதேசி யூதப் பள்ளி இன்றும் நிற்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் வரிசையில் நின்று பார்க்கிறார்கள். ஆனால் இஸ்ரேல் நாடு உண்டானபின் கொச்சி யூதர்கள் பெரும்பாலும் புறப்பட்டுப் போய்விட்டார்கள். எம்பிராய்டரிக் கடை வைத்திருந்த சாரா கோஹென் பாட்டியும், தம் 96-ஆம் வயதில், 2019-இல் மறைந்தார். கட்டடம் மட்டும் மிஞ்சினால் ஊர் எப்படியிருக்கும் என்பதை அந்தத் தெருவில் நடந்தாலே தெரிந்துகொள்ளலாம். அதே யூதப் பெண்கள் தங்கள் மலையாளப் பாட்டுகளை நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்துப் போகிற இடத்துக்கும் எடுத்துச் சென்றார்கள். அதனால்தான் 2005-இல் எருசலேமில் அவை நூலாக வெளிவர முடிந்தது. வீட்டுப் பெண்கள் பேனா பிடித்து எழுதிய நோட்டு ஒரு சமூகத்தின் பாட்டைக் காத்துவிட்டது.

நம் கதை என்ன? டச்சுக்காரர் காலத்தில் வந்ததாகச் சொல்லப்படும் வண்ணார் சமூகத்தார் ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் இன்றும் துணி வெளுக்கிறார்கள். பஜாரில் மிளகும் சுக்கும் விற்ற தமிழர் உண்டு. சுமை தூக்கியவர்கள், சமையல் வேலைக்கு வந்தவர்கள், பள்ளியில் தமிழ் சொல்லித் தந்தவர்கள் உண்டு. அவர்களைப் பற்றி நம்ம மலர்களில் எத்தனை பக்கம் இருக்கிறது? தாமிரபரணியைப் பற்றி எழுதுகிறோம். காயல் கரையில் நமக்குக் கடன் கொடுத்துக் கைதூக்கி விட்டவரைப் பற்றி எழுதுவதில்லை. நம்ம பிள்ளைகளுக்குச் சொந்த ஊர் இனி உத்தமதானபுரமோ திருநெல்வேலியோ அல்ல. மட்டாஞ்சேரிதான் அவர்கள் ஊர்.

ஆகவே சங்கத்தாருக்கும் வாசகர்களுக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த மலருக்கு ஊர் நினைவு எழுத உட்காரும்போது ஆற்றை இரண்டு வரியில் முடித்துவிடுங்கள். பிறகு பத்துப் பேர் பெயரை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவரிடம் நீங்கள் வாங்கியது என்ன என்று எழுதுங்கள். ஒரு வேளைச் சோறாக இருக்கலாம், ஒரு செய்யுளாக இருக்கலாம், தராசு பிடிக்கக் கற்றுக்கொடுத்ததாகவும் இருக்கலாம். பாட்டிமார் பெயரை ‘பாட்டி’ என்று மட்டும் எழுதாமல் சொந்தப் பெயரோடு எழுதுங்கள். தமிழ் எழுத வராத பிள்ளைகள் இருந்தால் பெரியவர்கள் சொல்லச் சொல்ல மலையாள எழுத்திலாவது குறித்து வைக்கட்டும். அச்சுக்கு முன் நாம் தமிழில் மாற்றிக்கொள்ளலாம். சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே இது நடக்க வேண்டும்.