பயிலிளவலின் முன்விடை

போர்ப்படைக்கு அதிகாரிகளை ஆக்கும் கல்விக்கூடத்தில் முதலிற் கற்பிக்கப்படுவது கீழ்ப்படிதல். பௌதிகவியல் முதலில் வேண்டுவதோ ஐயுறவு. மேலோர் ஆணையை ஏனென்று வினவாது நிறைவேற்றப் பழகும் பயிலிளவல், நூலிற் கண்ட விதியையும் ஏனென்று வினவாது ஏற்பாராயின், அவர் அவ்விதியை மனனஞ் செய்தவராவாரேயன்றி விளங்கியவராகார். இவ்விரு பயிற்சிகளும் ஒருவரிடத்தே ஒருங்கமைதல் எங்ஙனம்? இணையத்தைத் துணைக்கொண்டு இவ்வினாவுக்கு ஓரளவு விடை தந்த கற்பித்தல் முறையொன்று ஐக்கிய அமெரிக்காவில் 1990களில் உருவாயிற்று. அதன் நிறையுங் குறையும் ஆசிரியர் எவரும் சீர்தூக்கத் தக்கன.

1954ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ஐக்கிய அமெரிக்க விமானப்படைக் கழகம் கொலராடோ மாநிலத்திலுள்ளது. அங்கு பயில்வோர் எத்துறையைச் சிறப்புப் பாடமாகக் கொண்டாலும் பௌதிகவியலையுங் கற்றே ஆகவேண்டும். அக்கழகத்திற் கற்பித்த எவ்லின் பற்றர்சன், இந்தியானாபொலிஸ் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறெகர் நோவாக், அன்ட்ரூ கவ்றின், டேவிட்சன் கல்லூரியைச் சேர்ந்த வூல்ஃப்காங் கிறிஸ்ரியன் ஆகிய நால்வரும் சேர்ந்து இம்முறையை விளக்கி எழுதிய நூல் 1999இல் வெளிவந்தது. ‘ஜஸ்ற் இன் ரைம் ரீச்சிங்’ என்னும் அதன் பெயரை ‘உற்றவேளைக் கற்பித்தல்’ எனத் தமிழிற் கூறலாம்.

முறை எளியது. அடுத்த பாடத்தை மாணவர் தாமே வாசித்து, இணையத்தில் இடப்பட்ட சில வினாக்களுக்கு வகுப்புத் தொடங்கச் சில மணி நேரத்துக்கு முன்னரே விடை எழுதி அனுப்புவர். ஆசிரியர் அவற்றைப் படித்து, மாணவர் இடறிய இடங்களை அறிந்து, அன்றைய பாடத்தை அதற்கேற்ப மாற்றியமைப்பார். எழுதியவர் பெயரை மறைத்துச் சில விடைகளை வகுப்பில் எடுத்துக்காட்டி ஆராய்வதும் உண்டு. விமானப்படைக் கழகத்தில் இவ்வினாக்களுக்குப் ‘பிறீஃபிளைற்’ என்பது பெயர். விமானம் எழுமுன் செய்யப்படும் சோதனையை நினைவூட்டும் அப்பெயர் அவ்விடத்துக்கு மிகவும் பொருந்துவதே.

இம்முறையின் உயிர்நிலை எங்குள்ளதென்பதை ஓர் எடுத்துக்காட்டாற் காணலாம். தரையிலிருந்து 2,000 மீற்றர் உயரத்தில், செக்கனுக்கு 100 மீற்றர் வேகத்தில் நேராகக் கிடையே செல்லும் விமானத்திலிருந்து ஒரு பொதி நழுவவிடப்படுகின்றது. அது தரையைத் தொடும்போது விமானம் எங்கிருக்கும்? வளியின் தடையைப் புறக்கணித்து, ஈர்வை ஆர்முடுகலை 10 எனக் கொண்டால், பொதி விழ 20 செக்கன் செல்லும். அதற்குள் விமானமும் பொதியும் ஒருங்கே 2,000 மீற்றர் முன் சென்றிருக்கும். ஆகவே விமானம் பொதிக்கு நேர் மேலேயே இருக்கும். ‘பொதி பின்தங்கும்’ என இரு பயிலிளவல்கள் விடை எழுதினரெனக் கொள்வோம். ஒருவர், இயந்திரத்தின் தள்ளுகை நீங்கியதால் முன்செல்லும் இயக்கமும் நின்றுவிடும் என்கின்றார். மற்றவர், வளி தடுப்பதாற் பின்தங்கும் என்கின்றார். முன்னவர் நியூற்றனின் முதல் விதியையே அறியாதவர். பின்னவர் வினா புறக்கணித்ததையுஞ் சேர்த்து எண்ணியவர். விடையை மட்டும் நோக்கும் கணினி இருவருக்கும் ஒரே புள்ளியை வழங்கும். எழுதிய காரணத்தைப் படிக்கும் ஆசிரியரே ஒருவரைத் திருத்தவும் மற்றவரைப் பாராட்டவும் வல்லவர்.

ஈண்டே இம்முறையின் சிறப்புப் புலனாகின்றது. முன்விடைக்குரிய புள்ளி, விடை சரியா பிழையா என்பதைப் பொறுத்ததன்று, முயற்சியைப் பொறுத்தது. விமானப்படைக் கழகத்து ஆசிரியருட் பலர் சீருடை அணிந்த அதிகாரிகள். அவர்முன் தம் அறியாமையை எழுத்தில் வைக்கப் பயிலிளவல் கூசுவது இயல்பே. பிழைக்குத் தண்டனையில்லை என்னும் உறுதி அக்கூச்சத்தைப் போக்குகின்றது. கட்டளைக்குப் பணியும் இடத்திலேயே, கருத்தைச் சொல்லிப் பிழைபட்டுத் திருந்தும் உரிமையும் இவ்வாறு கிடைக்கின்றது.

குறைகளும் உள. ஒருவரின் விடைகளைப் படிக்க மூன்று நிமிடம் வேண்டுமெனின், இருபது பேர் கொண்ட வகுப்புக்கு ஒரு மணி நேரம் போதும். நூறு பேருக்கு ஐந்து மணி நேரம் வேண்டும். ஆசிரியரின் இவ்வுழைப்பைக் கணக்கிடாத நிருவாகம், ஈற்றில் விடைகளைக் கணினியிடமே ஒப்படைக்கும். அன்றே முறை இறந்துபடும். அணிவகுப்பும் உடற்பயிற்சியும் நிறைந்த நாளின் இறுதியில், புள்ளிக்காக மட்டும் இரண்டு வரி எழுதியனுப்பும் பயிலிளவலும் இருக்கக்கூடும். வினாக்கள் சிலவாயும் ஆழமுடையனவாயும் அமையாவிடின் இம்முயற்சி வெறுஞ் சடங்காகிவிடும்.

கருவியை நம்புவோர்க்கு இன்னுமொரு பாடம் உண்டு. கிறிஸ்ரியன் ஆக்கிய ‘பிஸ்லெற்’ என்னும் அசையும் பௌதிகவியற் படங்கள் ஜாவா மொழியில் எழுதப்பட்டவை. 2010களின் நடுப்பகுதியிலிருந்து இணைய உலாவிகள் அவ்வகை நிரல்களை இயக்குவதைக் கைவிட்டமையால், அவற்றை வேறு வடிவத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. படம் மாறினும் நல்ல வினா மாறவில்லை. றிச்சட் ஹேக் 1998இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு அரண் செய்கின்றது. 62 பாடநெறிகளில் 6,000க்கு மேற்பட்ட மாணவரை நோக்கிய அவ்வாய்வில், விரிவுரை மட்டுங் கேட்ட வகுப்புகளின் சராசரி ஈட்டம் 0.23, மாணவர் சிந்தித்து உரையாடிய வகுப்புகளில் அது 0.48. இவ்வேறுபாட்டை விளைத்தது கணினியன்று. மாணவரின் சிந்தனைக்கு உடனுக்குடன் கிடைத்த மறுமொழியே.

மாணவரின் ஏற்குந் திறனை அறிந்து அதற்கேற்பக் கற்பித்தலை நல்லாசிரியரின் இலக்கணமாக நன்னூற் பாயிரம் வகுத்துள்ளது. அவ்வறிவை வகுப்புக்கு முன்னரே பெறுவதற்கு இணையம் ஒரு வழி திறந்திருக்கின்றது. அவ்வழியே வரும் விடைகளை ஆசிரியர் படியாதுவிடின், பயிலிளவல் மீண்டும் ஓர் ஆணையை நிறைவேற்றியவரே ஆவார், பௌதிகவியல் கற்றவராகார்.