“சட்டம் வந்துட்டாமே!”: செய்தித்தமிழ் விழுங்கும் படிகள்

2020 ஜூலை, ஊரடங்கு நேரம். கீழவைப்பாரில் இருந்து மாமா போன் பண்ணினார். “எய்யா, ஆலை கட்டுததுக்கு இனிமே ஊர்க்காரங்ககிட்ட கேக்க வேண்டாம்னு சட்டம் வந்துட்டாமே. பேப்பர்ல போட்ருக்கான். இனி நாம சொல்லி என்ன ஆவப்போவுது?”

சட்டம் எதுவும் வரவில்லை. வந்திருந்தது சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு பற்றிய வரைவு அறிவிக்கை. ‘இப்படிச் செய்யலாம்னு இருக்கோம், உங்க கருத்து என்ன’ என்று மத்திய அரசு கேட்டு வெளியிட்ட தாள், அவ்வளவுதான். ஏப்ரல் 11-ல் அரசிதழில் வந்தது. கருத்துச் சொல்ல 60 நாள் கொடுத்திருந்தார்கள். அந்தக் கெடு நீண்டு, ஜூன் 30-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ஆகஸ்ட் 11 வரை இன்னும் நீட்டியது. எட்டாவது அட்டவணை மொழிகளில் மொழிபெயர்த்து வெளியிடவும் சொன்னது. மாமா போன் பண்ணின அன்றைக்கு ஆட்சேபம் எழுத நாள் இருந்தது. அவர் படித்த தலைப்பில் அது இல்லை.

ஸ்டெர்லைட் நடந்த மாவட்டம் எங்களுடையது. ‘பொதுமக்கள் கருத்துக் கேட்பு’ என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த வரைவு, கருத்துக் கேட்புக்கான அறிவிப்புக் காலத்தை 30 நாளில் இருந்து 20 நாளாகக் குறைக்கப் பார்த்தது. பல வகைத் திட்டங்களுக்குக் கருத்துக் கேட்பே வேண்டாம் என்றது. ஆக, மாமாவுடைய பயம் நியாயமான பயம். அவர் கையை விரித்ததுதான் நியாயமில்லை. அதற்குக் காரணம் ‘வந்துட்டாமே’ என்கிற ஒரு வினைச்சொல்.

இந்தக் கட்டுரையில் குறை சொல்லப்போவது அந்த வினைச்சொல்லைத்தான். கூடவே நான் செய்த ஒரு வேலையையும் சேர்த்து.

அந்த வருஷக் கடைசியில், டிஎன்பிஎஸ்சி-க்குப் படிக்கிற ஊர்ப் பிள்ளைகளுக்காக ஒரு சொற்பட்டியல் போட்டேன். அரசியல் சட்டச் செய்திகளில் வருகிற இங்கிலீஷ் வார்த்தைகள் இடது பக்கம், தமிழ் வலது பக்கம். பில் என்றால் மசோதா, ஆக்ட் என்றால் சட்டம், ஆர்டினன்ஸ் என்றால் அவசரச் சட்டம், அசென்ட் என்றால் ஒப்புதல், நோட்டிஃபிகேஷன் என்றால் அறிவிக்கை. இப்படி அறுபது வார்த்தை. பிள்ளைகள் மனப்பாடம் பண்ணினார்கள். ஒருநாள் ஒரு பிள்ளை கேட்டது: “அண்ணே, பேப்பர்ல எல்லாத்துக்கும் சட்டம்னுதான போடுதாங்க? பின்ன எதுக்கு இங்கிலீஷ்ல இத்தன வார்த்த?”

என்னிடம் பதில் இல்லை. பட்டியலிலும் இல்லை.

இப்போது யோசித்தால், சிக்கல் இங்கிலீஷில் இல்லை. தமிழில் சொல் பஞ்சமும் இல்லை. நம் சட்டமன்றமே ‘சட்டமுன்வடிவு’ என்ற நல்ல சொல்லை வைத்திருக்கிறது; முன்வடிவு என்றாலே இன்னும் முடிவாகவில்லை என்று தெரிந்துவிடும். இருந்தும் அவையில் நிறைவேறினால் ‘சட்டம் வந்தது’, ஒப்புதல் கிடைத்தால் ‘சட்டம் வந்தது’, அமலானால் ‘சட்டம் வந்தது’, விதிகள் வெளியானாலும் ‘சட்டம் வந்தது’. நாலு படியையும் ஒரே வினை விழுங்கிவிடுகிறது. குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைப் பாருங்கள். 2019 டிசம்பர் 12-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல். 2020 ஜனவரி 10-ல் அமல். விதிகள் வந்தது 2024 மார்ச் 11-ல். அந்த மார்ச்சில் ‘அமலுக்கு வந்தது’ என்று மறுபடியும் படித்தோம். அப்படியானால் நாலு வருஷமாக அது என்னவாக இருந்தது என்று கேட்கிற வாசகருக்குச் செய்தியில் பதில் கிடைக்காது.

கடல்புறத்தில் இப்படிப் பேசினால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வலை விட்டாச்சு என்பது வேறு, வலை வாங்கியாச்சு என்பது வேறு, மீன் ஏலத்துக்கு வந்தாச்சு என்பது வேறு. வலை விட்ட சேதியை வைத்து யாராவது கடன்காரனுக்கு நாள் சொல்வார்களா? தொழிலில் இவ்வளவு கறாராகப் பேசுகிற ஊருக்குத்தான் செய்தித்தாள் எல்லாவற்றையும் ‘வந்தது’ என்று சொல்கிறது.

இதனால் ஊருக்கு என்ன நஷ்டம்? எங்கள் கடலையே எடுத்துக்கொள்கிறேன். 2001 ஜூலையில் கடல் அட்டை, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தது. மன்னார் வளைகுடாவில் அட்டை எடுத்துப் பிழைத்தவர்களுக்கு அன்றோடு தொழில் போச்சு. ‘புதுச் சட்டம்’ என்றுதான் ஊரில் பேச்சு. ஆனால் சட்டம் 1972-ல் வந்த பழைய சட்டம். புதிதாக வந்தது ஓர் அறிவிக்கை. அட்டவணையை அறிவிக்கை வழியாகவே மாற்றும் அதிகாரத்தை அந்தச் சட்டத்தின் 61-ம் பிரிவு மத்திய அரசுக்குக் கொடுத்திருந்தது. நாடாளுமன்றத்தில் மசோதா வர வேண்டிய அவசியமே இல்லை. தடைக்காலமும் அப்படித்தான். 45 நாளாக இருந்தது 2017-ல் 61 நாளானது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இதற்காகச் சட்டமன்றம் ஓட்டெடுப்பு நடத்தவில்லை. 1983-ம் வருஷத்து கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் அரசு போடுகிற உத்தரவு அது. எல்லாவற்றையும் ‘சட்டம்’ என்று கேட்டுப் பழகியவர் எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் போய் ‘சட்டத்தை மாத்துங்க’ என்று நிற்பார். அரசு போட்ட உத்தரவை அரசே மாற்றலாம். மனு போக வேண்டிய இடம் துறை. தப்பான சொல் ஆளைத் தப்பான வாசலில் நிறுத்திவிடும்.

நீதிமன்றச் செய்தியிலும் இதே கதை. 2023 ஜனவரி 24-ல் சுருக்குமடி வலைக்கு ‘உச்ச நீதிமன்றம் அனுமதி’ என்று பரபரப்பானது. நாட்டுப்படகுக்காரர்கள் கொதித்தார்கள், சுருக்குமடிக்காரர்கள் ஜெயித்த மாதிரி இருந்தார்கள். அது இடைக்கால உத்தரவு. 12 கடல்மைலுக்கு வெளியே மட்டும், திங்கள், வியாழன் இரண்டு நாள் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை. 12 மைலுக்குள் மாநிலத்தின் தடை அப்படியே இருந்தது. ‘இடைக்கால’ என்ற அடைமொழிதான் அந்தச் செய்தியின் உயிர். தலைப்பில் இடம் பத்தாது என்று முதலில் வெட்டுவதும் அதைத்தான்.

வார்த்தைச் சண்டை உச்சத்துக்குப் போனது ஆளுநர் விஷயத்தில். அரசியல் சட்டத்தின் 200-வது பிரிவில் ‘வித்ஹோல்ட்’ என்று ஒரு சொல். என் பட்டியலில் ‘நிறுத்திவைத்தல்’ என்று எழுதியிருந்தேன். தமிழில் நிறுத்திவைத்தது எப்போது வேண்டுமானாலும் மறுபடி நகரும். ஆனால் 2023 ஏப்ரலில் ஆளுநர் ஆர்.என்.ரவி, குடிமைப் பணித் தேர்வர்களிடம் பேசும்போது, அந்தச் சொல்லுக்கு மசோதா செத்துப்போனது என்றே அர்த்தம் என்கிற பொருளில் சொன்னார். அதே நவம்பர் 10 தேதியிட்ட பஞ்சாப் வழக்குத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் வேறு மாதிரிச் சொன்னது: ஒப்புதல் தராவிட்டால் அவைக்குத் திருப்பி அனுப்பியாக வேண்டும். ஒரே சொல். ஒருவருக்கு அது சாவு, இன்னொருவருக்குத் திரும்பிவரும் பயணம். நம் செய்திகளில் ‘நிறுத்திவைத்தார்’, ‘திருப்பி அனுப்பினார்’, ‘நிராகரித்தார்’, ‘கிடப்பில் போட்டார்’ நாலும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாக வந்தன. வழக்கே இந்த நாலுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தைப் பற்றித்தான்!

பிறகு நடந்ததும் அப்படியே. 2023 நவம்பர் 18-ல் சட்டமன்றம் 10 மசோதாக்களை மறுபடி நிறைவேற்றியது. ஆளுநர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2025 ஏப்ரல் 8-ல் இரண்டு நீதிபதிகள் அமர்வு அது செல்லாது என்றது. பத்துக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கருதப்படும் என்றது. ஏப்ரல் 11-ல் பத்தும் அரசிதழில் சட்டங்களாக வந்தன. அப்புறம் குடியரசுத் தலைவர் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். 2025 நவம்பர் 20-ல் ஐந்து நீதிபதிகள் பதில் தந்தார்கள்: நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ‘கருதப்படும் ஒப்புதல்’ என்பதும் கிடையாது; ஆனால் ஆளுநர் காரணமில்லாமல் காலவரையின்றி உட்கார்ந்திருந்தால் முடிவெடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். இதையும் ‘தீர்ப்பு’ என்றே பலரும் எழுதினார்கள். 143-வது பிரிவின் கீழ் வந்த கருத்துரை அது, மேல்முறையீட்டில் வந்த தீர்ப்பு இல்லை. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால், முந்தையதை இது அடித்துவிட்டது என்றுதானே வாசகர் நினைப்பார்?

‘இதெல்லாம் வக்கீல்களுக்கு, சாதாரண ஜனங்களுக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு’ என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. அவர்களுக்கு 2017 ஜனவரியை நினைவுபடுத்துகிறேன். ஜல்லிக்கட்டுக்காக 21-ம் தேதி அவசரச் சட்டம் வந்தது. மெரினாவிலும் அலங்காநல்லூரிலும் கூட்டம் கலையவில்லை. ‘அவசரச் சட்டம் வேண்டாம், நிரந்தரச் சட்டம் வேணும்’ என்றார்கள். சட்டமன்றம் கூடி ஆறு வாரத்தில் ஆர்டினன்ஸ் காலாவதியாகும் என்று 213-வது பிரிவு சொல்வதை அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்? ஆனால் விஷயம் புரிந்திருந்தது. 23-ம் தேதி சட்டமுன்வடிவு நிறைவேறியது. ‘நிரந்தரச் சட்டம்’ எந்த அகராதியிலும் இல்லாத சொல். வேண்டிய வித்தியாசத்தை ஜனங்களே ஒரு சொல்லாகச் செய்துகொண்டார்கள். புரியாது என்று சொல்வது சோம்பேறித்தனம்.

பட்டியலை இப்போது திருத்தி எழுதுகிறேன். இரண்டு பத்தியை ஐந்தாக்கிவிட்டேன். சொல்லும் பொருளும் போக மூன்று கேள்வி: இதைச் செய்தது யார்? எந்த நாளில் இருந்து என்னைக் கட்டுப்படுத்தும்? ஆட்சேபம் சொல்ல யாரிடம், எந்தத் தேதிக்குள் போக வேண்டும்? வரைவு அறிவிக்கைக்கு மூன்றாவது கட்டத்தில் அமைச்சகத்தின் பெயரும் கெடு தேதியும் வரும். இடைக்கால உத்தரவுக்கு நடுக் கட்டத்தில் ‘வழக்கு முடியும்வரை, அல்லது மாற்றப்படும்வரை’ என்று வரும். அறுபது சொல்லில் இருபத்திரண்டுதான் இதுவரை முடிந்திருக்கிறது. நிரப்ப முடியாத கட்டம் வரும்போதுதான், அந்தச் சொல் எனக்கே இத்தனை நாள் புரியவில்லை என்று தெரிகிறது.

மாமா அந்த ஆகஸ்டில் ஆட்சேபக் கடிதம் எழுதினார். தமிழில்தான். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்து 10-ம் தேதி மின்னஞ்சலில் அனுப்பினேன். அந்த வரைவு அப்படியே இறுதி வடிவம் பெறவில்லை. எங்கள் கடிதத்தால் என்று சொல்ல மாட்டேன். இப்போதெல்லாம் போன் பண்ணினால் மாமா முதலில் கேட்பது இதுதான்: “வந்துட்டா, வரப்போவுதா? அதச் சொல்லு முதல்ல.”