இருளின் மேல் போட்ட பழி

தீமை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு மானியைப் போல ஒளிவுமறைவில்லாமல் பதில் சொன்னவர்கள் குறைவு. கி.பி. 216இல் பாபிலோனியாவில் பிறந்து தனிச் சமயம் ஒன்றை நிறுவிய அவர், ஒளியும் இருளும் தொடக்கமற்ற இரு மூலங்கள் என்றார். இருள் ஒளியின் மீது படையெடுத்தது. அந்தப் போரில் சிதறிய ஒளித்துகள்கள் மரத்திலும் கனியிலும் மனித உடலிலும் சிறைப்பட்டுக் கிடக்கின்றன. அவற்றை மீட்பதே மனிதனின் கடமை.

எல்லாம் வல்ல நல்ல கடவுள் குழந்தைக்குக் கொடிய நோயை ஏன் தருகிறார் என்று பிற சமயங்கள் திணறும் இடம் இது. மானி கடவுளின் வல்லமையைக் குறைத்து, அவருடைய நன்மையைக் காப்பாற்றினார். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் 'எல்லாம் நன்மைக்கே' என்று சொல்லும் கொடுமை இந்தச் சமயத்துக்குத் தேவைப்படவில்லை. இதை நான் பெரிதும் மதிக்கிறேன். ரோமானிய வட ஆப்பிரிக்காவிலிருந்து சீனம் வரை அது பரவியதில் இந்தத் தெளிவுக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும்.

கோளாறு நடைமுறையில் இருந்தது. மானியின் சமயத்தார் தேர்ந்தோர், கேட்போர் என இரு வகுப்பினர். தேர்ந்தோர் இறைச்சி, மது, மணவாழ்வு மூன்றையும் துறந்தவர்கள். ஒளிக்கு வலிக்கும் என்பதால் ஒரு காயைக்கூடப் பறிக்க மாட்டார்கள். ஆனால் உண்ண வேண்டுமே! பறிப்பதும் அறுப்பதும் சமைப்பதும் கேட்போரின் வேலை. தேர்ந்தோர் உண்டால் உணவிலுள்ள ஒளி விடுதலை பெறும். அந்த உணவைப் படைத்த புண்ணியத்தால் கேட்போரின் பாவம் மன்னிக்கப்படும். ரொட்டியை வாங்கியதும், இதை அறுத்ததும் அரைத்ததும் தாமல்ல என்று தேர்ந்தோர் கூறிக்கொள்வார்கள் என எதிரிகள் எழுதிவைத்தார்கள். அது மிகையாகவே இருக்கட்டும். ஒருவரின் தூய்மைக்காக இன்னொருவர் கையில் கறை படிய வேண்டும் என்ற ஏற்பாடு மிகையல்ல.

உள்ளத்திலும் இதே பங்கீடுதான். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கேட்போரில் ஒருவராக இருந்து, பிறகு கிறித்தவத்துக்கு மாறிய அகுஸ்தீன், பாவம் செய்வது நானல்ல, என்னுள் இருக்கும் வேறொரு இயல்பு என்று எண்ணுவது தன் ஆணவத்துக்கு இனித்ததாகப் பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஒளி, இருள் என்ற இந்த இருமைவாதத்தின் மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டுகளில் இதுவே வலுவானது. பாரசீக மன்னன் முதலாம் பஹ்ராமின் சிறையில் மானி இறந்தார். ரோமப் பேரரசன் டயோக்ளீசியன் 302இல் அவருடைய நூல்களை எரிக்க ஆணையிட்டான். அவர்கள் செய்தது அடக்குமுறை. அகுஸ்தீன் செய்தது திறனாய்வு.

தீமை தனிப்பொருளல்ல, நன்மையின் குறைவே என்று அகுஸ்தீன் பிறகு கண்ட விடை, துன்பத்தை விளக்குவதில் மானிக்கு ஈடாகாது. ஆனால் அது தவறிழைத்தவனை 'செய்தது நானே' என்று சொல்ல வைக்கிறது. அந்த ஒன்றுக்காகவே நான் அகுஸ்தீன் பக்கம் நிற்கிறேன்.